பக்கம் 112

ஜூலை 14, ஞாயிறு

ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம் இன்று முடிந்தது. பெண் வீட்டார் ஒரு ஜோடி செருப்பையும் ஒரு பல்செட்டையும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பல்செட்டுக்கு மட்டும் போன் வந்தது. சாப்பாட்டுக் கூடத்தைக் கழுவிவிடச் சொல்லிவிட்டு ஜெனரேட்டர் அறையைப் பூட்டினேன். இனி ஆவணி பிறக்கும்வரை மேளச் சத்தம் கிடையாது. ஆடி எப்போது வரும் என்று காத்திருக்கும் மண்டப மேனேஜர் ஈரோட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

காரணம் திரைக்கதை. சென்னையில் ஒரு படக் கம்பெனி புதியவர்களிடம் முழுநீளத் திரைக்கதை கேட்டு அறிவிப்பு விட்டிருக்கிறது. கடைசி நாள் ஆகஸ்ட் 16, மாலை ஆறு மணி. எனக்கு ஐம்பத்து மூன்று வயது. ஐந்து வருடமாக எழுதுகிறேன். இதை விட்டால் இன்னொன்று வரும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ளத் தயாராக இல்லை.

மூன்றாவது பிரதியை பைண்டு செய்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். 142 பக்கம். மஞ்சள் தடவியாயிற்று என்றால் எங்கள் தொழிலில் காரியம் முடிந்தது என்று அர்த்தம்.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. வாட்ச்மேன் வீட்டில் தேங்காய் சுட்டு ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள். வெல்லமும் பொட்டுக்கடலையும் உள்ளே வெந்து அருமையாக இருந்தது.

மறதி வருகிற வயது என்பதால் கதையை இங்கே எழுதி வைக்கிறேன். சேகர் ஒரு கல்யாண மண்டப மேனேஜர். அவன் அப்பா பக்கவாதத்தில் படுக்கிறார். அக்கா பொன்னி கூட இருந்து பார்க்கிறாள். நாற்பத்தியோரு நாள், ஒவ்வொரு நாளுக்கும் சுவரில் ஒரு காலண்டர் தாள் கிழியும். பக்கம் 112-ல் அப்பா கண் திறந்து, 'சேகர்' என்று கூப்பிட்டுவிட்டுப் போய்ச் சேர்கிறார். மீதி முப்பது பக்கம், அந்தக் குரலை வைத்துக்கொண்டு சேகர் எப்படி வாழ்கிறான் என்பது.

கற்பனைதான். ஆனால் அந்த 112 மட்டும் நிஜம். ஆறு வருடத்துக்கு முன் வைகாசியில் கோபியில் எங்கள் அப்பா இறந்தபோது சம்பூரணம் அக்காதான் கூட இருந்தாள். போனில் முதலில் இறந்த செய்தியைச் சொன்னாள். நான் அழுததைக் கேட்டுவிட்டு, "கடசியா உன்ற பேரத்தான் சொன்னாரு தம்பி" என்றாள். நான் இங்கே மண்டபத்தில் இருந்தேன். வைகாசி, முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தம். அக்கா அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேனோ தெரியாது.

ஜூலை 21, ஞாயிறு

சங்கம் கூடியது. சங்கம் என்றால் மூன்றே பேர். மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஷாஜகான், ஜவுளிக் கம்பெனியில் டிசைனராக இருக்கும் மோனிஷா, அப்புறம் நான். ஆளாளுக்கு ஒரு திரைக்கதை எழுதுகிறோம். ஞாயிறு பதினோரு மணிக்கு மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒருவர் எழுதியதை மற்றவர்கள் அலசுவார்கள். விதி ஒன்றுதான். எழுதியவர் வாயில் ஒரு கமர்கட்டு போட்டுக்கொள்ள வேண்டும். அது கரையும்வரை பதில் பேசக்கூடாது. கடிப்பது குற்றம். முன்பு சங்கத்தில் இருந்த ஒரு வாத்தியார் தன் கதைக்கு வக்காலத்து வாங்கப் போய் ஷாஜகானின் சட்டையைப் பிடிக்கும் அளவுக்குப் போனதால் வந்த விதி.

இன்று கமர்கட்டு எனக்கு.

ஷாஜகான் ஆரம்பித்தான். "ஏனுங்ணா, உங்க ஹீரோ என்னதான் பண்றான்? கஞ்சி காச்சறது அக்கா. தொடச்சு விடறது அக்கா. டாக்டருகிட்ட சண்ட போடறதும் அக்கா. இவன் பஸ்ஸுல வர்றான், அழுவறான், பஸ்ஸுல போறான். ரெண்டு பேரு செய்யற வேல ஒண்ணுதானுங்க. ஒருத்தர எடுத்துருங்க. ரெண்டயும் ஒண்ணாக்குனா ஹீரோ எந்திரிச்சு நின்னுருவான்."

மோனிஷாவுக்கு அதில் சம்மதம் இல்லை. "எனக்குப் பொன்னியத்தானுங்க புடிச்சுது. இது அவ கதையாட்ட இருக்குதுங்க சார்."

"அப்பறம் கடசியில அவரு எதுக்கு சேகரக் கூப்புடறாரு? பொன்னியயே கூப்புட்டிருக்கலாமே" என்றான் ஷாஜகான்.

கமர்கட்டு இன்னும் பாதி இருந்தது. இருந்தது நல்லதுக்குத்தான். மஞ்சள் தடவிய அட்டை மேலேயே பேனாவால் "அக்கா + தம்பி = தம்பி" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான், படுபாவி. எரிச்சலாக வந்தது. ஆனால் அவன் சொன்னது சரி.

ஜூலை 24, புதன்

பொன்னியை எடுத்துவிட்டேன். நினைத்ததைவிடச் சுலபமாகப் போய்விட்டது. பெயரைத் தேடி மாற்றினால் வசனம் அப்படியே சேகர் வாயில் உட்கார்ந்துகொள்கிறது.

ஜூலை 25, வியாழன்

சேகர் இப்போது நாற்பத்தியோரு நாளும் அப்பா கூடவே இருக்கிறான். அதனால் விவரம் பற்றவில்லை. அக்காவுக்குப் போன் போட்டேன். எதற்கு என்று அவள் கேட்கவே இல்லை. கேட்டதும் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

"நொய்யரிசிய நல்லாக் கொழய வெச்சு, ரெண்டு வாட்டி வடிகட்டோணும். சிரிஞ்சில மூக்கு டியூப்புக்கு ஊத்தறப்ப அவசரப்படக் கூடாது, தானா எறங்கோணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பெரட்டிப் படுக்க வெய்யோணும். நான் ஒருத்தியா முடியாது, போர்வையோட சேத்து இழுப்பேன். மொதுகுக்குப் பவுடர் போட்டுட்டே எதாச்சும் பேசீட்டிருப்பேன். பேசுனா கண்ணு இந்தப் பக்கம் வரும்."

"என்னக்கா பேசுவே?"

"என்னத்த. மோருக்காரி வல்ல, பக்கத்து ஊட்டுல பெயிண்ட் அடிக்கறாங்க, இதுதான்."

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். ஆறு காட்சிக்குத் தாராளமாகப் போதும். போர்வையோடு இழுக்கும் காட்சி பிரமாதமாக வந்திருக்கிறது.

ஜூலை 28, ஞாயிறு

மோனிஷாவின் கதை. பெண் பார்க்க வருகிறவர்களை ஒரு வீடே சேர்ந்து விரட்டுகிற நகைச்சுவை. இரண்டு பக்கம் குறிப்பு எழுதிக்கொண்டு போயிருந்தேன். "இதில் வாழ்க்கை இல்லை. பட்டவர்கள் எழுதியது போல் இல்லை" என்று நிறுத்தி நிதானமாக வாசித்தேன். அந்தப் பெண் கமர்கட்டை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு தலையைக் குனிந்திருந்தாள். கரைந்த பிறகும் ஒன்றும் பேசவில்லை.

போன வாரம் அவள் பொன்னிக்குப் பரிந்து பேசியதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. எழுத்தைப் பற்றி மட்டும்தான் சொன்னேன்.

ஜூலை 29, திங்கள்

சம்பந்தம் உண்டு. மோனிஷாவுக்குப் போன் செய்து, பதினேழாம் பக்கத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா பஜ்ஜியை எண்ணும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்ததைச் சொன்னேன். நேற்றே சொல்லியிருக்க வேண்டியது. "பரவால்லீங்க சார்" என்றாள். பரவாயில்லை என்கிற குரல் இல்லை அது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. சங்கத்துக்கு லீவு. பவானி கூடுதுறையில் அப்பாவுக்குத் திதி கொடுத்தேன். அக்கா கோபியிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். கூட்டத்தில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

புதுப் பிரதியைக் கொடுத்தேன். ஐந்து வருடமாக என் முதல் வாசகி அவள்தான். தபால் ஆபீஸில் முப்பது வருடம் இருந்தவள். பென்சிலும் கையுமாகப் படிப்பாள். ஆனால் இதுவரை பக்க எண் தப்பு, தேதி தப்பு தவிர வேறு எதையும் குறித்ததில்லை. கேட்டால் "நல்லா இருக்குது" என்பாள்.

பிரதியை ஈரத் துண்டு படாமல் பைக்குள் வைத்துக்கொண்டு, "பொன்னி எப்படி இருக்கறா?" என்று சிரித்தாள்.

"படிச்சுப் பாருக்கா" என்றேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

அக்கா போன் செய்யவில்லை. மேடைத் திரைச்சீலையை வெளுக்கப் போட்டேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

செய்யவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

நானே செய்தேன். "படிச்சுட்டேன் தம்பி. நல்லா இருக்குது" என்றாள். வேறு ஏதாவது என்று கேட்டேன்.

"பக்கம் 64-ல டியூப் எடது மூக்குலன்னு போட்டிருக்கற. வலது."

"சரிக்கா. வேற?"

"பொன்னியக் காணமே."

"ரெண்டு பேரையும் ஒண்ணாக்கியாச்சுக்கா. திரைக்கதையில அப்படித்தான் பண்ணுவாங்க. ஒரே வேலைய ரெண்டு பேரு செஞ்சா ஒருத்தர எடுத்துடறது."

"அப்படியா. சரி தம்பி, அடுப்புல பாலு வெச்சிருக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

ஒரே வேலையை இரண்டு பேர் செய்தால் என்று நான் அவளிடமே சொல்லியிருக்கிறேன். அந்த நாற்பத்தியோரு நாளில் நான் கோபிக்குப் போனது ஐந்து முறை. இல்லை, நான்கு. ஐந்தாவது முறை பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

புதுப் பிரதிக்குச் சங்கம். ஷாஜகான் எழுந்து நின்று கை தட்டினான். "போர்வையோட இழுக்கறீங்க பாருங்க, அந்த எடத்துல எனக்கு எங்க அத்தா ஞாபகம் வந்துருச்சுங்ணா. இதையே அனுப்புங்க. ஒரு எழுத்து மாத்தாதீங்க."

மோனிஷா மட்டும் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், இதெல்லாம் செஞ்சவங்களுக்குத்தான் தெரியுமுங்க. உங்க அப்பாவுக்கு நீங்க செஞ்சதுங்களா?"

வாயில் கமர்கட்டு. தலையை ஆட்டினேன். ஆமாம் என்றுதான் ஆட்டினேன். அவள் கண் கலங்கிவிட்டது. "அன்னிக்கு நீங்க சொன்னது சரிதானுங்க. பட்டவங்க எழுதறது வேறதான்" என்றாள்.

விதியை மீறிக் கமர்கட்டைக் கடித்து விழுங்கிவிட்டேன். அப்படியும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இரண்டு நாளாக ஒரே மூச்சாக எழுதினேன். பொன்னி திரும்பி வந்துவிட்டாள். கஞ்சி அவளுடையது, போர்வை அவளுடையது. கடைசிக் காட்சியை அவளுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். பக்கம் 110: சேகரின் மண்டபத்தில் முகூர்த்தம், கெட்டிமேளம். பக்கம் 112: பொன்னி அப்பாவின் கையைப் பிடித்தபடி இருக்கிறாள், அவர் 'சேகர்' என்கிறார், அவள் போனை எடுக்கிறாள். நடந்தது நடந்தபடி.

ஷாஜகானிடம் போனில் சொன்னேன். "நல்லா இருந்த வண்டியக் கொண்டுபோயிப் பள்ளத்துல எறக்கீட்டீங்களேங்ணா" என்றான். மோனிஷாவுக்கும் போன் செய்து, அன்று தலையாட்டியது பொய், செய்தது அத்தனையும் என் அக்கா என்றேன். "தெரிஞ்சுதுங்க சார். நீங்க கமர்கட்டக் கடிச்சீங்கல்ல" என்றாள்.

ஆகஸ்ட் 15, வியாழன்

காலையில் மண்டபத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்துவிட்டு கோபிக்கு பஸ் பிடித்தேன். அக்கா கதவைத் திறந்ததும் பிரதியை நீட்டினேன். "நான் இங்கயே உக்காந்திருக்கறேன். நீ படி. இந்த வாட்டி நல்லா இருக்குதுன்னு மட்டும் சொல்லாதக்கா" என்றேன்.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அப்பா படுத்திருந்த அறை ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தாள். இரண்டரை மணி நேரம். பொன்னி வரும் இடங்களில் பக்கத்தைத் திருப்ப வெகு நேரம் எடுத்துக்கொண்டாள். நடுவில் எழுந்து எனக்குச் சாதம் போட்டுவிட்டு மறுபடி போய் உட்கார்ந்தாள். பென்சில் இரண்டே இடத்தில் ஓடியது. பிறகு பிரதியை என் மடியில் வைத்தாள்.

முதல் குறிப்பு பக்கம் 110-ல். 'காலண்டரில் செவ்வாய். செவ்வாயில் முகூர்த்தம் கிடையாது.'

இருபத்திரண்டு வருடமாக மண்டபம் நடத்துகிறவன் நான். செவ்வாய்க்கிழமைக்கு மண்டபம் கேட்டு ஒருவர்கூட வந்ததில்லை. எழுதும்போது கை எப்படி ஓடியது? அப்பா இறந்தது செவ்வாய்; அதை மாற்ற மனம் வரவில்லை. முகூர்த்தம் இருந்ததால் வர முடியவில்லை என்பது ஆறு வருடமாக நான் எல்லோரிடமும் சொல்வது. இரண்டையும் ஒரே பக்கத்தில் போட்டுவிட்டேன்.

"அப்பவே தெரியுமாக்கா?"

"போன வெச்சதுமே தெரியும். செவ்வாக்கெழம யாரு தாலி கட்டுவாங்க?"

"ஏன் கேக்கல?"

"கேட்டு என்ன ஆவப்போவுது?"

அப்போதுதான் சொன்னேன். அன்று மண்டபம் பூட்டிக் கிடந்தது. ஆபீஸ் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். வாய் கோணி, டியூப் மாட்டி, என்னைப் பார்த்தால் அழ மட்டும் தெரிந்த அந்த மனிதரைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. பாசம் இல்லாமல் இல்லை, பயம். அதற்கு மேல் காரணம் எதுவும் கிடையாது. சொல்லி முடிக்கும்போது எனக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அக்கா தன் முந்தானையைக் கொடுத்தாள்.

"அடுத்ததப் படி" என்றாள்.

பக்கம் 112. நான் எழுதிய பத்து வரிக்கும் பக்கத்தில் ஒரு கோடு. அதன் கீழே: 'இது நான் சொன்னது. அப்பா சொன்னது இல்லை. பொன்னியும் இந்த அறையில் இல்லை.'

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி பேசினாள்.

"போன்ல நீ அழுத அழுகைக்கு எனக்கு என்ன சொல்றதுன்னே தெரீல. உன்ற பேரச் சொன்னாருன்னு சொல்லீட்டேன். அவரு சொன்னது வேற. பேச்சு கொளறலாத்தான் வரும், எனக்கு மட்டும் புரியும். 'தண்ணி வழியுது, மோட்டார நிறுத்து'ன்னாரு. அதுதான் கடசி."

"நிஜமா வழிஞ்சுதா?"

"வழிஞ்சுது. நான் மறந்துட்டேன். மாடிக்கு ஓடுனேன். டேங்குத் தண்ணி பூராக் கொடியில ஊத்தி, காயப்போட்ட துணியெல்லாம் சொட்டச் சொட்ட நின்னுது. மோட்டார நிறுத்தீட்டு ஒடனே எறங்கியிருக்கலாம். எறங்கலியே. துணிய ஒண்ணொண்ணா எடுத்துப் புழிஞ்சு, ஒதறி, மறுக்காக் காயப்போட்டேன். பத்து நிமிசம். கீழ வந்தா இல்ல."

நான் பிரதியை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தேன்.

"கையப் புடிச்சுட்டிருந்தேன்னு ஊரு பூராச் சொல்லீட்டேன். நாப்பது நாளு உக்காந்தவளுக்கு அந்தப் பத்து நிமிசம் உக்கார முடியாமப் போச்சு. ஒவ்வொரு வாட்டியும் நீ இந்தப் பக்கத்த எழுதிக் கொண்டாரப்பெல்லாம் நல்லா இருக்குதுன்னு சொன்னனே, அது எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைக்கற?"

நான்கு முறை வந்தவன் என்ன ஆறுதல் சொல்ல? போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடைசி பஸ்ஸுக்கு வெகு முன்னாலேயே கிளம்பச் சொல்லிவிட்டாள். நாளைக்கு ஆறு மணி என்பதை அவள்தான் ஞாபகப்படுத்தினாள்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

அப்பா கடைசியாகக் கூப்பிட்டது என் பெயர் இல்லை என்று ஆகிவிட்டது. காலையில் எழுந்ததும் அது உறைத்தது. மண்டபத்து மாடியில் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு கீழே வந்து உட்கார்ந்தேன்.

பக்கம் 110-ல் பூட்டிய மண்டபம், ஆபீஸ் அறையில் சேகர், மேஜை மேல் போன். பக்கம் 112-ல் அறையில் அப்பா மட்டும். மேலே தண்ணீர் வழியும் சத்தம் கேட்கிறது, நிற்கிறது. மாடியில் பொன்னி துணியை உதறிக் காயப்போடுகிறாள்.

பெயரே கூப்பிடாத பிறகு கடைசி முப்பது பக்கத்துக்கு வேலை இல்லை. மொத்தமாக எடுத்துவிட்டேன். படம் மாடியிலேயே முடிகிறது.

ஷாஜகானுக்கு அனுப்பினேன். "அப்பாவ உட்டா அறையில யாருமே இல்லீங்களே, கேமராவ யாரு மேலைங்ணா வெக்கறது?" என்று கேட்டான். மோனிஷா, மாடிக் காட்சி சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்று மட்டும் எழுதியிருந்தாள். முதல் தடவையாக அவள் குறிப்பை மறு பேச்சில்லாமல் எடுத்துக்கொண்டேன்; எதை வைத்து நீட்டுவது என்றுதான் தெரியவில்லை.

நாலு மணிக்கு அக்காவிடம் போனில் வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள்.

"துணி காயப்போடறது எத்தன நேரம் வருது?"

"அரைப் பக்கம். அர நிமிசம் ஓடும்."

"பத்தாது தம்பி. பத்து நிமிசம் ஆச்சு. அவ அங்க நின்னத ஒளிக்காத. பாக்கறவங்களுக்குத் தெரியட்டும்."

"என்னென்ன துணின்னு சொல்லு. ஒண்ணொண்ணா எழுதறேன்."

ஆறு வருடம் ஆகியும் அவள் தடுமாறவில்லை. "மொதல்ல வேட்டி ரெண்டு. அப்பறம் அந்தப் பச்சப் போர்வை. தலகாணி உறை ஒண்ணு. ரப்பர் சீட்டு மேல விரிக்கற பழைய துணி மூணு. வாய் தொடைக்கற துண்டு ஒண்ணு. கை வெச்ச பனியன் ஒண்ணு, அது ஒரு தோளுல கிழிச்சு விட்டது, போட்டு விடச் சுலுவா இருக்கோணும்னு."

எண்ணிக்கொண்டே வந்தேன். ஒன்பது. எழுத எழுத மாடிக் காட்சி நாலு பக்கமாக நீண்டது. ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கம்பெனிக்கு அனுப்பினேன். எடுத்துக்கொள்வார்களா என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை.

போன் அதுவரை வைக்கப்படவில்லை. "அனுப்பிட்டேன்க்கா" என்றேன். அவள் இன்னும் எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள் போல.

"ஒம்பதும் அப்பாவுது தம்பி" என்றாள். "என்ற துணி ஒண்ணுகூட அந்தக் கொடியில இல்ல."